கூரை வெட்டிய காரில் வரும் தொல்லைகள்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

பாசிக்குடாவுக்கோ அறுகம்பைக்கோ கூரையைத் திறந்துவிட்டுக் கார் ஓட்டிப் போக வேண்டும் என்ற ஆசை நியாயமானதுதான். இரண்டு கதவுக் கூபேயின் கூரையை வெட்டுவதும் பெரிய வேலை இல்லை; கிரைண்டர் கையிலிருந்தால் ஒரு பகலில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு வரும் தொல்லைகளோடுதான் கார்கள் எங்கள் கராஜுக்கு வருகின்றன. கார் வேறு வேறாக இருந்தாலும் தொல்லைகள் திரும்பத் திரும்ப அவையேதான். செலவில்லாத காரணம் முதலிலும் காசைக் கரைக்கும் காரணம் கடைசியிலுமாக அவற்றை எழுதுகிறேன்.

எந்த அறிகுறியோடு கார் வந்தாலும் நான் முதலில் பார்ப்பது கதவைச் சுற்றியுள்ள இடைவெளியை. தனிச் சேஸி இல்லாத கார்களில் கூரையும் சேர்ந்துதான் பாரம் தாங்குகிறது. தீப்பெட்டியின் உறையைக் கழற்றிவிட்டு உள்தட்டை மட்டும் முறுக்கிப் பாருங்கள், விளங்கும். கூரை போனால் அந்தப் பாரம் கதவுகளுக்குக் கீழே முன்சில்லிலிருந்து பின்சில்லு வரை ஓடும் நீளத் தகரப் பெட்டியில் வந்து விழும். அதைக் கதவடிப் பெட்டி என்றே கீழே எழுதுகிறேன். அது தொய்வதை முதலில் காட்டிக்கொடுப்பது கதவின் இடைவெளிதான்.

தொடங்குமுன்: உங்கள் கார் எந்த வகை?

ட்ரையம்ப் ஹெரால்டுக்குத் தனிச் சேஸி உண்டு. அதன் கூரையே போல்ட் போட்டுப் பூட்டியதுதான். இந்த வேலைக்கு ஆகக் குறைந்த தலையிடி தரும் கார் அது. பீட்டிலுக்கும் அடித்தட்டு தனி. ஆனாலும் ஜேர்மனியில் கார்மன் கம்பனி கட்டிய கூரை திறக்கும் பீட்டிலில் கதவடியில் மேலதிக இரும்பு வைத்திருந்தார்கள். மொரிஸ் மைனருக்குத் தனிச் சேஸி இல்லை. 1948இல் அந்தக் கார் வந்தபோதே கூரை திறக்கும் மாதிரியும் வந்தது. அதற்குக் கதவடியிலும் கதவுத் தூண்களிலும் பலப்படுத்தும் தகரங்கள் வைத்தார்கள். அதே துண்டுகளைச் செய்து விற்கும் கடைகள் பிரிட்டனில் இன்றும் இருக்கின்றன. உங்கள் கார் மைனர் என்றால் சொந்தமாக யோசித்து இரும்பு ஒட்டுவதை விட்டு, அந்த வடிவத்தைப் பின்பற்றச் சொல்லுங்கள்.

ஜப்பான் கூபேக்கள் அநேகமாக எல்லாமே தனிச் சேஸி இல்லாதவை. நடுத்தூண் இல்லாத ஹார்ட்டொப் என்றால் கதவுக் கண்ணாடிக்கு மேல்சட்டம் கிடையாது, அதை வெட்டுகிற வேலை இல்லை. உறுதி விடயத்தில் அதற்கும் சலுகை இல்லை.

அறிகுறி 1: கதவு உராய்கிறது, இழுத்து அடித்தால்தான் பூட்டுகிறது, அல்லது குழியில் விழும்போது தானாகத் திறக்கிறது

ஓடும்போது கதவு திறக்கிறது என்றால் இதை வாசித்து முடிக்கும்வரைக்கும்கூடக் காரை எடுக்க வேண்டாம்.

மற்றவர்கள் இப்படிப் பாருங்கள். கதவைப் பாதி திறந்து, பின்விளிம்பைப் பிடித்து மேலே தூக்குங்கள். ஆடினால் பிணைச்சல் ஆணி தேய்ந்திருக்கிறது. ஆணியையும் புஷ்ஷையும் மாற்றினால் போதும். கூரை வெட்டாத பழைய காரிலும் வருகிற குறைதான் இது. ஆடவில்லை என்றால் தூணில் உள்ள பூட்டுக் கொக்கியின் திருகாணிகள் இளகியிருக்கின்றனவா என்று பாருங்கள்.

இரண்டும் சரி என்றால் அளக்க வேண்டும். இதற்கு ட்ரில் பிற்களைவிட நல்ல கருவி இல்லை. 3, 4, 5, 6 மில்லிமீற்றர் பிற்களை எடுத்து, கதவின் பின்விளிம்பு இடைவெளியில் மேலே ஒன்று, கீழே ஒன்று நுழைத்துப் பாருங்கள். எது இறுக்கமாகப் போகிறதோ அதுதான் அளவு. கதவில் டேப் ஒட்டி அளவை எழுதிவையுங்கள், மறதியை நம்ப வேண்டாம். சமதரையில், வெறும் காரில் ஒரு தடவை; இரண்டு பேரை உட்கார வைத்து இன்னொரு தடவை. இரண்டு பக்கக் கதவுகளுக்கும்.

- மேலும் கீழும் ஒரே அளவு, ஆள் ஏறினாலும் மாறவில்லை: உடல் நேராக இருக்கிறது. பிணைச்சலையும் கொக்கியையும் ஒழுங்குபடுத்தினால் முடிந்தது.
- மேலே நெருங்கி, கீழே விரிந்திருக்கிறது: கார் நடுவில் தொய்ந்துவிட்டது.
- வெறும் காரில் சரியாக இருந்து, ஆள் ஏறியதும் மேலே நெருங்குகிறது: இன்னும் தொய்யவில்லை, தொய்யப் போகிறது. கண்டுபிடிக்க ஆக நல்ல நேரம் இதுதான்.

தொய்வு என்று சந்தேகம் வந்தால் கதவடிப் பெட்டியின் நடுவில், கறள் இல்லாத இடமாகப் பார்த்து, பலகைத் துண்டு வைத்து ஜாக்கியை மெதுவாக ஏற்றுங்கள். சில்லு தரையை விட்டு எழும்பத் தேவையில்லை. பாரம் கொஞ்சம் ஜாக்கிக்கு மாறியதும் கதவு இலேசாகப் பூட்டினால் சந்தேகம் தீர்ந்தது. பலகையோடு தகரமும் உள்ளே அமுங்கினால் அந்த இடத்தில் இரும்பே இல்லை, கறளும் பெயின்டும்தான் மிச்சம். ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் அடியில் போக வேண்டாம்.

இந்த இடத்தில் பலர் பிணைச்சலை வளைத்தோ கதவு விளிம்பைத் தேய்த்தோ கதவைப் பூட்ட வைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்ய விடாதீர்கள். தொய்வைச் சொல்லும் ஒரே அளவுகோலை அழித்துவிட்டு, தொய்வை உள்ளே விட்டுவைப்பதாகவே அது முடியும்.

தொய்வு உறுதி என்றால் வெல்டிங் தெரிந்த பாஸ் ஒருவர் வேண்டும். எல்லோரும் போதாது, உடல் தகரத்தில் மிக் வெல்டிங் பழகியவராக இருக்க வேண்டும். அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "எதை முதலில் ஒட்டுவீர்கள்?" காரை நேராக்கி, இடைவெளியைச் சரிக்குக் கொண்டுவந்து, கதவு வாய்க்குக் குறுக்கே தற்காலிகமாகக் குழாய் ஒட்டி இறுக்கிவிட்டு, பிறகுதான் கதவடியில் கை வைப்பேன் என்று சொன்னால் அவரிடம் காரைக் கொடுக்கலாம். தொய்ந்த நிலையிலேயே பலத் தகரம் ஒட்டினால் அந்தத் தொய்வு நிரந்தரமாகிவிடும்.

இன்னொன்று, கனமான எல் இரும்பு. அது பலமாகத் தெரியும், விலையும் குறைவு. ஆனால் உடல் தகரம் ஒரு மில்லிமீற்றருக்கும் மெல்லியது. கன இரும்பைக் கறள் பிடித்த மெல்லிய தகரத்தில் ஒட்டினால் ஒட்டின் ஓரத்திலேயே தகரம் கிழியும். ஒன்றரை, இரண்டு மில்லிமீற்றர் தகரத்தை மூடிய பெட்டியாக மடித்து, நல்ல இரும்பு தெரியும்வரை பழையதை வெட்டி எடுத்துவிட்டு ஒட்டுவதுதான் நிலைக்கும். ஒரே பக்கமாக ஓட்டிப் போகாமல் இடமும் வலமும் மாறி மாறித் துண்டு துண்டாக ஒட்ட வேண்டும். சூடு உடலை ஒரு பக்கம் இழுத்துவிடும். பற்றரி வயரைக் கழற்றுவதும் கதவடியை ஒட்டி ஓடும் பெற்றோல், பிரேக் குழாய்களை விலக்குவதும் சொல்லாமலே நடக்க வேண்டியவை. இருந்தாலும் நின்று பாருங்கள்.

அறிகுறி 2: ஸ்டியரிங்கும் டாஷ்போர்டும் நடுங்குகின்றன

முதலில் எப்போது நடுங்குகிறது என்று பிரித்துப் பாருங்கள். மட்டக்களப்பில், கல்லடியிலிருந்து கல்முனைப் பக்கம் போகும் நல்ல தார் வீதியில், ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் நடுங்கினால் குறை சில்லுப் பக்கம். படுவான்கரை உள்வீதிகளில் எந்த வேகத்திலும், ஒவ்வொரு குழிக்கும் நடுக்கம் வந்து சற்று நேரம் நின்றால் குறை உடலில்.

சில்லுப் பக்கம் என்றால் வழக்கமானவைதான்: ரயர் காற்று, வீல் பலன்ஸ், பெயாரிங், ஸ்டியரிங் மூட்டுகள், ஷொக். இந்த வரிசையிலேயே பாருங்கள். தேய்ந்த ஷொக் இருந்தால் உடல் நடுக்கமும் இரட்டிப்பாகத் தெரியும். ஆகவே ஷொக் தேய்ந்திருந்தால், எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டாலும் அதை மாற்றுவது வீண்செலவாகாது.

உடல் பக்கம் என்றால், முன்சில்லு ஒன்றை ஜாக்கியில் தூக்கி, இரண்டு கதவு இடைவெளியையும் மறுபடி அளந்து பாருங்கள். ஒரு மூலையைத் தூக்கியதும் இடைவெளி கண்ணுக்குத் தெரியும்படி மாறினால் கார் முறுகுகிறது. கதவடிப் பெட்டி பலமாக இருந்தும் முறுகினால், குறுக்குவாட்டில் பிடிப்பில்லை. சீட்டுகளுக்குக் கீழே குறுக்குப் பெட்டி, முன்சீட்டுகளுக்குப் பின்னால் முழு அகலத் தகரச் சுவர், டாஷ்போர்டுக்குக் கீழே இரண்டு தூண்களையும் இணைக்கும் குழாய் என்பவைதான் மருந்து. பின்சீட்டை எடுத்துவிட்டு அந்தச் சுவரை வைக்கச் சம்மதிப்பவர்களின் கார்தான் ஆக நன்றாக ஓடுகிறது என்பது என் அனுபவம். நான்கு பேர் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் இந்த நடுக்கம் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். கம்பனியில் செய்த கொன்வேர்ட்டிபிள்களிலேயே அது உண்டு.

அறிகுறி 3: முன்கண்ணாடி வெடிக்கிறது

வெடிப்பு எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். நடுவில் ஒரு புள்ளியிலிருந்து கிளம்பினால் கல் பட்டது; கூரைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. விளிம்பிலிருந்தோ மூலையிலிருந்தோ உள்ளே ஓடினால் சட்டம் கண்ணாடியை நெருக்குகிறது.

நெருக்குவதற்கு மலிவான காரணம் காய்ந்து கல்லாகிப்போன பீடிங் (கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர்), அல்லது பீடிங்குக்கு அடியில் பொங்கியிருக்கும் கறள். கண்ணாடியைக் கழற்றும்போது இது தெரியும். அடுத்தது பழக்கம்: கூரை இல்லாத காரில் ஏறும்போதும் இறங்கும்போதும் சட்டத்தின் மேல்விளிம்பைப் பிடித்து இழுப்பது. வீட்டிலுள்ள எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். கடைசிக் காரணம், வெட்டும்போது முன்தூண்களின் உள்ளே எதுவும் வைக்காமல் விட்டது. சட்டத்தின் மேல்மூலையைக் கையால் முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். அடித்தூணோடு சேர்ந்து அசைந்தால் தூணுக்குள் குழாய் ஏற்றி, என்ஜினுக்கும் உள்பக்கத்துக்கும் இடையிலுள்ள தகரச் சுவர் வரை இறக்கி ஒட்ட வேண்டும். அதைச் செய்யாமல் புதுக் கண்ணாடி வாங்கினால் அதுவும் வெடிக்கும்.

அறிகுறி 4: பெயின்டில் மெல்லிய கோடு விழுகிறது

கதவுத் தூணின் அடியிலும் பின்சில்லு வளைவுக்கு மேலேயும் மயிரிழை போலக் கோடு விழுந்தால் அதைப் பெயின்ட் குறை என்று விட்டுவிட வேண்டாம். காந்தம் ஒன்றை அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். ஒட்டாமல் விழுந்தால் கீழே தடித்த பட்டி (பள்ளத்தை நிரப்பப் பூசும் பசை) இருக்கிறது, பட்டி வெடித்திருக்கலாம். ஒட்டினால் பெயின்டைச் சுரண்டி இரும்பைப் பாருங்கள். கோடு இரும்பிலும் இருந்தால் அந்த இடம் ஒவ்வொரு குழியிலும் வளைந்து நிமிர்கிறது. வெடிப்பை மட்டும் ஒட்டி மூடினால் பக்கத்தில் இன்னொன்று திறக்கும். அறிகுறி 1இல் சொன்ன அளவுகளை எடுத்துக்கொண்டு பாஸிடம் போங்கள். பெயின்ட் கடைக்கு இப்போது போக வேண்டாம்.

அறிகுறி 5: மழைத் தண்ணி உள்ளே வருகிறது

ஐப்பசி முதல் தை வரை எங்கள் பக்கம் பெய்கிற மழைக்கு ஒழுகாத ஹூட், அதாவது மடிகிற சீலைக் கூரை, செய்வது கடினமான வேலை, ஆனால் முடியாத வேலை இல்லை. பெரும்பாலும் செலவே இல்லாமல் தீர்கிற தொல்லையும் இதுதான்.

தண்ணி தெரிகிற இடமும் அது நுழைகிற இடமும் ஒன்றாக இருக்காது. ஹூட்டின் முன்சட்டத்தில் நுழைந்த தண்ணி தூணுக்குள்ளால் இறங்கிக் கால் விரிப்பில் வந்து நிற்கும். ஆகவே கண்ட இடத்திலெல்லாம் சிலிக்கன் பூச வேண்டாம். அது பிறகு பெயின்டையும் ஒட்டவிடாது.

மழையே இல்லாத நாளில் விரிப்பு நனைந்திருந்தால் ஹூட்டை மறந்துவிடுங்கள். ஏசி உள்ள கார் என்றால் ஏசித் தண்ணிக் குழாய் அடைத்திருக்கும். பெடல்களுக்கு அடியில் வழுவழுப்பாக, மணத்தோடு இருந்தால் பிரேக் அல்லது கிளட்ச் ஒயில். பிரேக் ஒயில் என்றால் அன்றைக்கே மெக்கானிக்.

மழைத் தண்ணிதான் என்றால்:

முதலில் வடிகால் ஓட்டைகள். ஹூட் மடிந்து கிடக்கும் குழியிலும் கதவின் அடிவிளிம்பிலும் கதவடிப் பெட்டியிலும் ஓட்டைகள் இருக்க வேண்டும். வேம்பின் கீழோ மாமரத்தின் கீழோ நிறுத்துகிற காரில் இலை. கடற்கரைப் பக்கம் நிற்கிற காரில் மணல். மெல்லிய பிளாஸ்டிக் குழாயால் குத்தி எடுங்கள். கம்பியால் குத்தினால் உள்பூச்சு கீறுப்படும். புதிதாகப் பெயின்ட் அடித்த கார் என்றால் பெயின்டோ சீலரோ ஓட்டையை மூடியிருக்கிறதா என்று பாருங்கள். நான் பார்த்தவற்றில் அடிக்கடி இருந்த காரணம் அதுதான்.

அடுத்தது குழாய்ச் சோதனை. ஒருவர் டோர்ச்சோடு உள்ளே இருக்கட்டும். வெளியே இருப்பவர் குழாயை மெதுவாகத் திறந்து, கதவின் கீழிருந்து மேலே, ஒவ்வொரு இடத்திலும் ஓரிரு நிமிடம் நின்று நனைக்கட்டும். மேலிருந்து தொடங்கினால் தண்ணி எல்லா இடத்துக்கும் வழிந்து எதுவும் விளங்காது. வேகமாகப் பீச்சி அடித்தாலும் மழையில் ஒழுகாத இடமெல்லாம் ஒழுகும்.

கதவுக் கண்ணாடியின் மேல்விளிம்பில் நுழைந்தால், கடதாசித் துண்டு ஒன்றைப் பீடிங்குக்கும் கண்ணாடிக்கும் நடுவே வைத்து ஷட்டரை ஏற்றி, இழுத்துப் பாருங்கள். எளிதாக உருவி வந்தால் அங்கே அழுத்தம் இல்லை. ஷட்டர் கண்ணாடியின் சாய்வைக் கதவுக்குள்ளே திருகாணியில் மாற்றலாம். முன்சட்டத்தில் நுழைந்தால் கொக்கியை ஒரு சுற்று இறுக்குங்கள், பிறகு பீடிங். தையலில் கசிந்தால் மெழுகு தேய்த்துப் பார்க்கலாம். நூலே உக்கியிருந்தால் மறுபடி தைக்க வேண்டும். பருத்தி நூல் எங்கள் வெயிலுக்கும் ஈரத்துக்கும் நிற்காது, பொலியெஸ்டர் நூல் கேளுங்கள்.

தண்ணி வந்த வழியை அடைத்த பிறகு, விரிப்பைத் தூக்கிக் காய விடுங்கள். இதைத் தள்ளிப் போடுவதுதான் பெரிய செலவில் முடிகிறது. கடல் ஒரு பக்கமும் வாவி மறுபக்கமுமாக இருக்கிற ஊரில் உப்புக்காற்றுக்குக் குறைவில்லை. கதவடிப் பெட்டிக்குள் தேங்கிய ஈரம், காசு கொடுத்து வைத்த பலத் தகரத்தையே உள்ளிருந்து தின்னும். காய்ந்ததும் உள்ளே மெழுகுப் பூச்சு அடிக்கச் சொல்லுங்கள். பழைய என்ஜின் ஒயில் அடிக்கும் வழக்கம் எனக்குப் பிடிக்காது. அது பட்ட ரப்பர் பீடிங் ஊதிப்போகும்.

அறிகுறி 6: ஹூட் படபடக்கிறது, வேகத்தில் பலூன் போல உப்புகிறது

ஒரு பக்க ஷட்டர் திறந்திருந்தால் எந்த ஹூட்டும் கொஞ்சம் உப்பும். எல்லா ஷட்டரையும் மூடி ஓட்டிப் பாருங்கள். நின்றுவிட்டால் குறை இல்லை. நிற்கவில்லை என்றால் முன் கொக்கிகள், அதன் பிறகு வளைவுக் கம்பிகளை இணைக்கும் நாடாக்கள். நாடா இழுபட்டுத் தளர்ந்திருந்தால் சீலை எவ்வளவு நல்லதாக இருந்தும் படபடக்கும். நாடா மாற்றுவது மலிவு.

சீலையே இழுபட்டிருந்தால் குஷன் வேலைக் கடைதான். எங்கள் ஊர்களில் ஓட்டோ ஹூட் தைக்கிறவர்களின் கைத்திறமை அருமையானது, அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் ஓட்டோ ஹூட் அசையாத சட்டத்தின் மேல் இருப்பது. மடிகிற ஹூட்டுக்கு அளவெடுக்கும்போது சட்டத்தை விரித்துக் கொக்கி பூட்டிய நிலையில், காரின் மேலேயே வைத்து அளவெடுக்க வேண்டும். கழற்றிக் கொண்டுபோய்க் கடையில் வைத்துத் தைத்தால் பொருந்தாது. கச்சான் காற்றுக் கால வெயிலில் ரெக்சின் இளகும், அந்த நேரம் இறுக்கித் தைத்தால் மாரியில் கொக்கிக்கு எட்டாது. காலை வேளையில் அளவெடுக்கச் சொல்லுங்கள்.

ஈரமான ஹூட்டை மடித்து வைக்க வேண்டாம், பூஞ்சணம் பிடிக்கும். பின்பக்கப் பிளாஸ்டிக் கண்ணாடி மங்கினால் சவர்க்காரத் தண்ணியும் மெல்லிய சீலையும் மட்டும். பெற்றோல், மண்ணெண்ணெய் பட்டால் அது பிறகு தெளியாது. மடிக்கும்போது நடுவே ஒரு துவாய் வையுங்கள்.

அறிகுறி 7: சீட் பெல்ட் தோளில் நிற்கவில்லை

மேல் பிடிப்பு கூரைப் பக்கத் தூணில் இருந்தது, அது வெட்டுப்பட்டுவிட்டது. இதற்குச் சின்னக் காரணம், பெரிய காரணம் என்று பிரிக்க ஒன்றுமில்லை. சீட்டின் முதுகில் பூட்டுவது, மெல்லிய தகரத்தில் ஓட்டை போட்டு வாசர் வைத்துப் பூட்டுவது, தரையிலிருந்து தோளுக்கு மேலால் இழுப்பது மூன்றும் கூடாது. கடைசியாகச் சொன்னது மோதலில் முதுகெலும்பையே கீழ்நோக்கி நசுக்கும். சீட்டுகளுக்குப் பின்னால் கதவடிப் பெட்டியிலும் தரையிலும் பலத் தகடு வைத்து ஒட்டிய வளையக் குழாயும், அதில் தோள் உயரத்தில் பெல்ட் பிடிப்பும் வேண்டும். கார் கவிழ்ந்தால் தலையைக் காப்பாற்ற இருக்கிறதும் அதுதான். வீட்டில் செய்கிற வேலை இல்லை இது. இது முடியும்வரை பிள்ளைகளை அந்தக் காரில் ஏற்ற வேண்டாம்.

வளையக் குழாயும் கதவடிப் பெட்டியும் ஒட்டும்போது, மூடுவதற்கு முன் ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்து வையுங்கள். கூரையை மாற்றிய காருக்கு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதி தேவை, காப்புறுதிக் கம்பனிக்கும் அறிவிக்க வேண்டும். பெயின்ட் அடித்த பிறகு உள்ளே என்ன இரும்பு இருக்கிறது என்று அவர்களுக்குக் காட்ட அந்தப் படங்களைத் தவிர வேறு வழி இருக்காது.